தலையில் அடிபட்டவருக்குக் கையில் இரத்தம் எடுப்பது ஏன்?

நம் வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு காட்சியை முதலில் நினைத்துப் பார்ப்போம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இருதய நோய்க்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருபவர். விடியற்காலையில் குளியலறைக்குப் போனவர் ஈரத் தரையில் கால் வழுக்கி விழுகிறார். பின்மண்டை சுவரில் மோதுகிறது. இரத்தம் வரவில்லை, சிறு வீக்கம் மட்டும்தான். "ஒன்றும் இல்லையம்மா, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும். நீ வேலைக்குப் போ" என்று மகளை அனுப்பி வைக்கிறார். மாலையில் மகள் திரும்பி வரும்போது அம்மா அரைத் தூக்கத்தில் கிடக்கிறார். கேட்ட கேள்வி ஒன்று, அவர் சொல்லும் பதில் வேறொன்று.

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்பதுதான். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு ரோஸ் மாத்திரை" என்பதற்கு மேல் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதற்குள் ஒரு தாதி வந்து அம்மாவின் கையிலிருந்து மூன்று நான்கு சிறு குழாய்களில் இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார். "அடிபட்டது தலையில், இவர்கள் கையில் இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே!" என்று மகளின் மனம் பதறுகிறது.

அந்தப் பதற்றம் இயல்பானதே. ஆனால் அந்தக் குழாய்களில் இளநீல மூடி போட்ட ஒன்று இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் அம்மாவின் மூளைக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதைப் பற்றி ஸ்கேன் படம் சொல்லாத சில செய்திகளை அந்தக் குழாய் சொல்லும். அது சொல்லும் செய்தி என்ன, சொல்லத் தவறும் செய்தி என்ன, அந்தக் குறையைக் குடும்பத்தார் எப்படி நிறைவு செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடிய பெட்டி

கையிலோ காலிலோ அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தால் அந்த இடம் வீங்கும். தோலும் சதையும் விரிந்து கொடுக்கும். மண்டையோடு அப்படி விரியாது. அது எலும்பால் ஆன மூடிய பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும் அளவாக அடங்கியிருக்கின்றன. நான்காவதாக ஓர் இரத்தக் கட்டி அங்கே இடம் பிடித்தால், முதலில் கொஞ்சம் நீரும் இரத்தமும் விலகி இடம் கொடுக்கும். அதற்கு மேல் இடமில்லை. அழுத்தம் வேகமாக ஏறி மூளையே நசுங்கத் தொடங்கும்.

எனவே தலைக்காயத்தில் அடிபட்ட கணத்தில் ஏற்படும் சேதம் ஒன்று. அதன்பின் மணிக்கணக்கில் இரத்தம் கசிவதால் ஏற்படும் சேதம் மற்றொன்று. முதலாவதை எந்த மருத்துவராலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாவதைத்தான் தடுக்கவோ குறைக்கவோ முடியும். சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது சேதத்தை எதிர்த்து நடத்தும் போராட்டம் என்றே சொல்லலாம்.

முதியவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து மண்டையோட்டின் உட்புறத்துக்குச் செல்லும் மெல்லிய இரத்த நாளங்கள் இதனால் இழுபட்டு நிற்கின்றன. ஒரு சிறு அதிர்ச்சி கூட அவற்றைக் கிழித்துவிடலாம். சிலருக்கு அந்தக் கசிவு மிக மெதுவாக நடந்து, விழுந்ததையே மறந்துவிட்ட பிறகு, சில வாரங்கள் கழித்துத்தான் தலைவலியாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படும்.

இரத்தம் உறையும் விதம்

பாலில் ஒரு சொட்டு மோர் விட்டால் தயிராக உறைகிறது. இரத்தமும் உறைகிறது, ஆனால் இது ஒரே படியில் நடப்பதில்லை. இரத்த நாளத்தில் கிழிசல் ஏற்பட்டதும் முதலில் அங்கே ஓடி வருபவை தட்டணுக்கள். இவை மிகச் சிறியவை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கின்றன.

அந்த அடைப்பு மட்டும் போதாது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உறைதலுக்கான பல புரதங்கள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது நம் கல்லீரல். ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் திராம்பின் என்ற பொருள் உண்டாகிறது. இந்தத் திராம்பின், பிளாஸ்மாவில் கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை ஃபைப்ரின் என்ற நார்களாக மாற்றுகிறது. அந்த நார்கள் வலைபோலப் பின்னித் தட்டணுக்களை இறுக்கிப் பிடிக்கின்றன. அப்போதுதான் அடைப்பு உறுதியாகிறது.

காயம் ஆறியதும் அந்த வலையைக் கரைப்பதற்கும் உடலில் தனி ஏற்பாடு உண்டு. உறைய வைப்பதும் கரைப்பதும் தராசின் இரு தட்டுகள் போல. எந்தப் பக்கம் அதிகமாகச் சாய்ந்தாலும் ஆபத்துதான்.

அடிபட்ட மூளை செய்யும் குழப்பம்

இனி வருவது பலர் அறியாத செய்தி. எந்த மாத்திரையும் சாப்பிடாத, நல்ல உடல்நலமுள்ள இளைஞர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மூளையில் பலமாக அடிபட்டாலும், அவருடைய இரத்தத்தின் உறையும் தன்மை கெட்டுப்போகலாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மூளையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு காணப்பட்டது. அடி கடுமையாக இருந்தால் கோளாறும் அதிகம். கோளாறு உள்ளவர்களிடையே உயிரிழப்பும் அதிகம்.

காரணம் என்ன? உறைதலைத் தொடங்கி வைக்கும் பொருள் ஒன்று நம் திசுக்களில் இருக்கிறது. திசுக்காரணி என்று அதற்குப் பெயர். உடல் உறுப்புகளில் இது மிகுதியாக இருப்பவற்றுள் மூளையும் ஒன்று. அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி ஆர்மண்ட் குவிக் 1935ஆம் ஆண்டு இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனை ஒன்றை வகுத்தபோது, உறைதலைத் தூண்டுவதற்கு அவர் பயன்படுத்தியது முயலின் மூளையிலிருந்து எடுத்த சாறு. பரிசோதனைக் கூடத்தில் ஒரு சொட்டுச் சாறு செய்கிற வேலையை, நசுங்கிய மூளை நோயாளியின் உடலுக்குள்ளேயே செய்துவிடுகிறது.

அடிபட்ட மூளையிலிருந்து இந்தப் பொருள் இரத்தத்தில் கலந்ததும், தேவையில்லாத இடங்களிலும் உறைதல் தொடங்குகிறது. உறைவதற்கான புரதங்களும் தட்டணுக்களும் வீணாகச் செலவாகின்றன. உண்டான வலையைக் கரைக்கும் வேலையும் மும்முரமாகிறது. கடைசியில், உண்மையான ஓட்டையை அடைப்பதற்குக் கையிருப்பு குறைந்துவிடுகிறது. வேறு இடங்களிலும் காயம்பட்டு நிறைய இரத்தம் போயிருந்தாலோ, உடல் குளிர்ந்துவிட்டிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும்.

இதே உடலில் சில நாட்கள் கழித்துத் தராசு எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. படுக்கையில் அசையாமல் கிடப்பவரின் கால் நாளங்களில் இரத்தம் தேவையின்றி உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். "முந்தா நாள்தான் இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுக்கிறார்களே" என்று உறவினர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை எடுத்த பரிசோதனை அந்த நேரத்து நிலைமையை மட்டுமே காட்டும்.

பரிசோதனைக் கூடத்தில் நடப்பது

இளநீல மூடிக் குழாயில் சிட்ரேட் என்ற உப்புக் கரைசல் முன்கூட்டியே இருக்கும். உறைவதற்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தேவை. அதை இந்த உப்பு கட்டிப்போட்டுவிடுவதால் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல் என்பது கணக்கு. குழாயில் இரத்தம் குறைந்தால் கணக்கு தவறி விடையும் தவறும். அதனால்தான் சில சமயம் மறுபடியும் குத்தி எடுக்க நேருகிறது. கூடத்தில் இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கிறார்கள்.

முதலாவது பரிசோதனை பி.டி. எனப்படுவது. இது மேலே சொன்ன குவிக் வகுத்த முறையின் வழிவந்தது. ஆரோக்கியமானவருக்குச் சாதாரணமாக 11 முதல் 14 விநாடிகள் வரை ஆகும். ஆனால் கூடத்துக்குக் கூடம் பயன்படுத்தும் மருந்து வேறுபடுவதால் விநாடிக் கணக்கும் வேறுபட்டது. எனவே உலகச் சுகாதார நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஐ.என்.ஆர். என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. ஈப்போவில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும் இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடாதவருக்கு இது ஏறத்தாழ 1. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும்படி மருத்துவர் அளவு வைப்பார். செயற்கை இருதய வால்வு பொருத்தியவர்களில் சிலருக்கு இன்னும் சற்று அதிகமாக வைப்பதுண்டு. அன்றாட வாழ்வில் அவர்களைக் காப்பாற்றும் அதே எண், தலையில் அடிபட்ட அன்று அபாய எண்ணாகிவிடுகிறது.

இரண்டாவது ஏ.பி.டி.டி. உறைதல் சங்கிலியின் வேறொரு வழியைச் சோதிப்பது இது. பிறவியிலேயே இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயையும், ஹெப்பாரின் ஊசியின் விளைவையும் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது தட்டணுக்களின் எண்ணிக்கை. வீட்டில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்திருந்தால் இந்த எண்ணிக்கை உங்களுக்குப் புதிதல்ல. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. பொதுவாகக் காயம்பட்டவருக்கு 50,000க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். மூளையில் இரத்தம் கசிபவருக்கு 1,00,000க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. மூடிய பெட்டிக்குள் தவறுக்கு இடமில்லை என்பதே இந்த வேறுபாட்டின் பொருள்.

நான்காவது ஃபைப்ரினோஜென் அளவு. இயல்பில் ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். கடும் இரத்தப் போக்கில் மிக விரைவில் குறைந்துபோகும் புரதம் இதுவே. 1.5 கிராமுக்குக் கீழே போனால் வலை பின்ன நூல் இல்லை என்று பொருள்.

மேற்கண்ட சோதனைகளின் விடை வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். மேலும் அவை பிளாஸ்மாவை மட்டும் பார்ப்பவை, அல்லது அணுக்களை எண்ணுபவை. முழு இரத்தம் எப்படி உறைகிறது, உறைந்தது எவ்வளவு உறுதியாக இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று வரைபடமாகக் காட்டும் கருவியும் உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் என்பவர் 1948ஆம் ஆண்டிலேயே இதை அறிமுகப்படுத்தினார். சிறு கிண்ணத்தில் இரத்தத்தை ஊற்றி, அதில் ஒரு ஊசியைத் தொங்கவிட்டு, கிண்ணத்தை மெல்ல இங்குமங்கும் அசைப்பார்கள். இரத்தம் உறைய உறைய ஊசியையும் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு படமாக விழும். இதன் நவீன வடிவங்கள் இன்று பல பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முதல் விவரம் தெரிந்துவிடும். ஆயினும் இந்தக் கருவியை வைத்துச் சிகிச்சை செய்ததால் மட்டும் அதிகம் பேர் பிழைத்தார்கள் என்று 2021இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் நிரூபணமாகவில்லை. நல்ல கருவிதான், ஆனால் அதுவே சிகிச்சையாகிவிடாது.

பரிசோதனை சொல்லத் தவறுவது

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் சாரம்.

மாரடைப்பு வந்தவர்கள், இருதய நாளத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்கள் பலர் ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிட்டு வருகிறார்கள். இந்த மாத்திரைகள் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்கின்றன. தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. எனவே எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஐ.என்.ஆர். சரியாக இருக்கும். ஏ.பி.டி.டி.யும் சரியாக இருக்கும். தாளில் எல்லாம் நன்றாக இருக்க, தட்டணுக்கள் மட்டும் வேலை செய்யாமல் இருக்கும். ஒரு தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாட்கள். ஆஸ்பிரினால் செயலிழந்த தட்டணு தன் ஆயுள் முழுதும் அப்படியேதான் இருக்கும்.

அதேபோல் வார்ஃபரினுக்குப் பதிலாக இப்போது பலருக்குக் கொடுக்கப்படும் புதிய மருந்துகள் உள்ளன. டாபிகாட்ரான், ரிவரோக்ஸாபான், அபிக்ஸாபான் என்பன அவற்றுள் சில. அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டியதில்லை என்பது இவற்றின் வசதி. ஆனால் அந்த வசதியே இங்கே சிக்கலாகிறது. இம்மருந்துகள் போதிய அளவு உடலில் இருந்தாலும் வழக்கமான பி.டி., ஏ.பி.டி.டி. பரிசோதனைகள் இயல்பாகவோ கிட்டத்தட்ட இயல்பாகவோ வரக்கூடும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனைகள் தேவை. நோயாளி அந்த மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தால்தானே அந்தப் பரிசோதனையைக் கேட்கத் தோன்றும்?

ஆகவே இயந்திரம் அறியாததைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்ற மூன்று விவரங்களும் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு ஈடானவை. சில சமயம் அதைவிட மேலானவை.

விடை வந்த பின்

வார்ஃபரின் என்பது முதலில் எலி விஷமாக 1948இல் விற்பனைக்கு வந்த பொருள். கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்ததை ஆராய்ந்த அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் பால் லிங்க் குழுவினரின் கண்டுபிடிப்பு அது. 1954இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. அது வைட்டமின் கே என்ற சத்தின் வேலையைத் தடுக்கிறது. எனவே வார்ஃபரின் சாப்பிட்டவர் மூளையில் இரத்தம் கசிந்தால், மருத்துவர்கள் வைட்டமின் கே கொடுப்பதுடன், உறைதல் புரதங்களைச் செறிவாக்கிய மருந்தையும் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். டாபிகாட்ரானுக்கு 2015 முதல் தனி மாற்று மருந்து இருக்கிறது. ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு உதவாது. பெயர் தெரிய வேண்டியதன் அவசியம் இப்போது புரிகிறதல்லவா?

ஃபைப்ரினோஜென் குறைந்தவருக்கு அதையோ, உறைந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோ என்ற பொருளையோ ஏற்றுவார்கள். தட்டணு குறைந்தவருக்குத் தட்டணு ஏற்றுவார்கள். ஆனால் ஆஸ்பிரின் சாப்பிட்ட அனைவருக்கும் தட்டணு ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. அடிபடாமல் தானாக மூளையில் இரத்தம் கசிந்தவர்களிடம் அப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஏற்றப்பட்டவர்களின் நிலைமையே அதில் மோசமாக இருந்தது. எனவே எதை ஏற்றுவது, எதைத் தவிர்ப்பது என்பதை மருத்துவரின் தீர்மானத்துக்கே விட வேண்டும்.

உறைந்த வலை கரைந்துவிடாமல் காக்கும் மருந்து ஒன்றும் உண்டு. டிரானெக்சாமிக் அமிலம் என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த ஷோசுகே ஒகமோட்டோ, உட்டாகோ ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் உலகுக்கு அறிவித்தது. பிரசவத்தில் இரத்தப் போக்கால் தாய்மார் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதே உட்டாகோ அம்மையாரின் விருப்பமாக இருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மருந்து தலைக்காயத்துக்கும் உதவுமா என்று சோதிக்கப்பட்டது. 29 நாடுகள், 175 மருத்துவமனைகள், 12,737 நோயாளிகள் கொண்ட அந்தப் பெரும் ஆய்வில் மலேசியாவும் பங்கேற்றது. 2019இல் முடிவு வெளியானது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில், லேசான அல்லது நடுத்தரமான அடி உள்ளவர்களிடையே தலைக்காயத்தால் இறந்தோர் நூற்றுக்கு 7.5 என்பதிலிருந்து 5.8 ஆகக் குறைந்தனர். மிகக் கடுமையாக அடிபட்டவர்களிடம் தெளிவான பலன் தெரியவில்லை. சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம் என்பதும் தெரியவந்தது. காலையில் விழுந்தவரை மாலையில் கொண்டு போனால் இந்த வாய்ப்பு கை நழுவிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரின் மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள். இன்னொரு பிரதி உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். நாட்டு மருந்து, மீன் எண்ணெய், ஜின்கோ போன்ற சத்து மாத்திரைகளையும் விடாமல் எழுதுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்க வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் அதற்கான பதிவுப் புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்கட்டும்.

இரண்டாவது: உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வீக்கம் சிறிதானாலும், பேச்சு தெளிவாக இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றவர்களுக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

மூன்றாவது: தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி என்று சொல்லி ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். காயத்தில் காப்பித் தூளையோ வேறு பொடியையோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

நான்காவது: இதைப் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவரோ, இருதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவரோ தாமாக மருந்தை நிறுத்தினால் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும். புரட்டாசி மாதத்திலும் விரத காலங்களிலும் சைவத்துக்கு மாறுகிறவர்கள் திடீரென்று கீரை வகைகளை அதிகமாகச் சாப்பிட்டால் வார்ஃபரினின் வேகம் குறையலாம், கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால். விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாவது: விழாமலும் அடிபடாமலும் பார்த்துக்கொள்வதைப் போல் சிறந்த சிகிச்சை இல்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடுகிறார்களா என்று வாசலில் நின்று பாருங்கள். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வார் போடாத தலைக்கவசம் விழும்போது தலையில் இருக்காது.

ஆறாவது: மேலே சொன்ன பிளாஸ்மா, கிரையோ, தட்டணு எல்லாம் எங்கிருந்து வருகின்றன? இரத்த தானம் செய்தவரின் கையிலிருந்து வருகின்றன. உறைய வைத்த பிளாஸ்மாவை ஓராண்டு வரை சேமிக்கலாம். தட்டணுக்களோ சுமார் ஐந்து நாட்களே தாங்கும். பண்டிகை விடுமுறையில் தானம் செய்ய ஆள் வரவில்லை என்றால், அந்த வாரமே கையிருப்பு குறையும்; சாலை விபத்துகள் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. உடல்நலமுள்ளவர்கள் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். அண்மையில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர் கொடுக்கும் இரத்தத்தின் தட்டணுக்கள் பிறருக்குப் பயன்படா. எனவே தானம் செய்யும் இடத்திலும் என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

பொருளாக வழங்கும் கொடையைப் போலவே இரத்தமாக வழங்கும் கொடையும் யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. ஈரத் தரையில் விழுந்த ஓர் அம்மாவுக்கும் போகலாம். வேலைக்குப் போகும் வழியில் விழுந்த ஓர் இளைஞருக்கும் போகலாம். இந்த இதழை மூடி வைக்குமுன், வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த மகளுக்குப் பதில் தெரியாமல் போன கேள்வியை நம்மிடம் என்றாவது ஒரு டாக்டர் கேட்க நேர்ந்தால், பதில் கையில் தயாராக இருக்கும்.